லாம்போ மைதானத்தின் தெற்கு முனை

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் காரில் சென்றால் கிரீன் பே நகரம் வருகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் இச்சிற்றூரின் பேக்கர்ஸ் அணி, அமெரிக்கக் கால்பந்தின் உச்ச நிலையான தேசிய கால்பந்து லீகில் பெருநகர அணிகளுக்கு ஈடாக ஆடிவருகிறது. இதற்குத் தனி முதலாளி கிடையாது. 1923 முதல் இதன் பங்குகள் பொதுமக்களிடமே உள்ளன. ஈவுத்தொகையும் இல்லை, லாபத்துக்கு விற்கவும் வழியில்லை என்று தெரிந்தே லட்சக்கணக்கானோர் அவற்றை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

எண்பதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய லாம்போ மைதானம் ஊருக்கு வெளியே ஒதுங்கி நிற்கவில்லை. சாதாரணக் குடியிருப்புகளின் நடுவே எழுந்து நிற்கிறது. வழிகாட்டியுடன் உள்ளே சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. வீரர்கள் களத்துக்குள் நுழையும் சுரங்கவழியைப் புதுப்பித்தபோது, பழைய வழியின் கான்கிரீட் துண்டு ஒன்றை எடுத்துவந்து தரையில் பதித்திருக்கிறார்கள். பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் வீரர்கள் நடந்த தளம் அது என்பதால், அதன்மேல் கால் வைத்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

லொம்பார்டியின் வெற்றிகளுள் என் மனம் நாடுவது 1967ஆம் ஆண்டு சீசனைத்தான். அது அவ்வணியின் வலிமை குன்றத் தொடங்கிய ஆண்டு. பந்தை ஏந்தி ஓடுவதில் புகழ்பெற்றவர்களான ஜிம் டெய்லரும் பால் ஹோர்னங்கும் அணியில் இல்லை. அவர்களுடைய இடத்துக்கு வந்த எலைஜா பிட்ஸ், ஜிம் கிராபோவ்ஸ்கி இருவரும் பால்டிமோர் அணியுடனான ஒரே ஆட்டத்தில் காயமடைந்தார்கள். பந்தை வீசி ஆட்டத்தை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார், முந்தைய ஆண்டில் தாம் வீசிய பந்தை மூன்றே முறை எதிரணியிடம் பறிகொடுத்தவர்; இவ்வாண்டு பதினேழு முறை பறிகொடுத்தார். ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமன் என்பதே வழக்கமான ஆட்டங்களின் கணக்கு. ஆயினும் அவர்கள் மேற்குப் பிரிவின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியை 28–7 என்று வென்று, டிசம்பர் 31 அன்று லீக் பட்டத்துக்கான ஆட்டத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியை இதே லாம்போ மைதானத்தில் சந்தித்தார்கள்.

அன்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். தரைக்கடியில் பதித்திருந்த சூடேற்றும் கம்பிகள் பயன்படாமல் போனதால் களம் பனிக்கட்டியாக இறுகியது; விசில்கள் உறைந்துவிட, நடுவர்கள் குரல் கொடுத்தே ஆட்டத்தை நடத்தினார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் 14–17 எனப் பின்தங்கியிருந்த பேக்கர்ஸ், எதிரணியின் எல்லைக்கோட்டை எட்ட 68 யார்டு தொலைவைக் கடக்க வேண்டியிருந்தது. அம்முயற்சியில் பெரும்பங்கு வகித்த சக் மெர்சீன், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி கைவிட்டதால் சீசனின் நடுவில் வந்து சேர்ந்தவர் என்பதை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லைக்கோட்டருகே டானி ஆண்டர்சன் இருமுறை முயன்றும் முடியவில்லை. பதினாறு வினாடிகள் எஞ்சியிருக்கையில் ஆட்டத்தைச் சற்று நிறுத்திவைக்கும் கடைசி டைம்-அவுட்டையும் எடுத்துவிட்டு, ஜெர்ரி கிரேமரும் கென் போமனும் எதிராளியைத் தள்ளித் திறந்த இடைவெளியில் ஸ்டார் தாமே பந்துடன் கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார். 21–17.

அது நடந்தது தெற்கு முனையில். பார்வையாளர் இருக்கைகளிலிருந்து அவ்விடத்தை நன்றாகப் பார்க்கலாம். இரண்டு வாரம் கழித்து மயாமியில் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியை 33–14 என்று வீழ்த்தி, இரு லீகுகளின் சாம்பியன்கள் மோதும் சூப்பர் பவுலின் இரண்டாவது ஆட்டத்தையும் பேக்கர்ஸ் வென்றது.

செல்ல விரும்புவோருக்குக் கோடைப் பயிற்சி முகாம் நடக்கும் காலத்தையே பரிந்துரைப்பேன். அப்போது உள்ளூர்ச் சிறுவர்களின் சைக்கிள்களை வாங்கி ஓட்டிக்கொண்டு வீரர்கள் பயிற்சிக்களத்துக்குச் செல்வதையும் காணலாம்.