ஏரி வண்டலில் எரிமலைச் சாம்பல்: ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 3, திங்கள்

ஜெர்மனியின் ஐஃபெல் மேட்டுநிலத்தில் எரிமலை வெடித்த குழிகளில் நீர் நிரம்பி உண்டான ஏரிகள் உண்டு. அவற்றுக்கு மார் என்று பெயர். மீர்ஃபெல்டர் மார் அவற்றில் ஒன்று. அதன் அடியில் ஆண்டுக்கு ஓர் அடுக்காக வண்டல் படிந்திருக்கிறது. வெளிர் பட்டை ஒன்று, கரும் பட்டை ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல இதை எண்ணலாம். வார்வ் என்பது இந்த ஆண்டடுக்குதான்.

வார்வ் இருந்தால் சாம்பல் எதற்கு? ஓர் ஏரியின் எண்ணிக்கை அந்த ஏரிக்கு மட்டுமே செல்லும். இன்னோர் ஏரியில் நடந்தது அதற்கு முன்பா பின்பா என்று ஒப்பிட, இரண்டிலும் ஒரே காலத்தில் விழுந்த ஒரு பொருள் வேண்டும். ஐஸ்லாந்தின் கட்லா எரிமலை கக்கிய வெட்டே சாம்பல் அப்படிப்பட்டது. நார்வேயில் கண்ணுக்குத் தெரியும் பட்டையாகக் கிடக்கிறது. ஐஃபெல் வரை வந்து சேர்ந்ததோ, நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சில கண்ணாடித் துணுக்குகள்தான். அந்தத் துணுக்குகளை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதே இனி வரும் குறிப்புகள்.

பிப்ரவரி 5, புதன்

ஏரி அடியில் துளையிட்டுக் குழாயோடு எடுத்த வண்டல் உருளையை (கோர்) நீளவாக்கில் பிளந்தாயிற்று. முதல் வேலை, வெட்டுமுகத்தைச் சுரண்டித் துப்புரவாக்குவது. சுரண்டும்போது கத்தி அடுக்குகளுக்கு இணையாகப் போகவேண்டும். மேலிருந்து கீழாக இழுத்தால் மேலடுக்கின் துணுக்குகள் கீழே இழுபட்டுவிடும். குழாயின் உட்சுவரை ஒட்டிய ஓரத்தையும் விட்டுவிட வேண்டும். துளையிடும்போதே அங்கே வண்டல் இழுபட்டுக் கலந்திருக்கும்.

முதல் சுற்றில் இடைவெளி விடாமல் 5 செ.மீ. துண்டுகளாக எடுப்பது வழக்கம். நடுவில் விட்டு விட்டு எடுத்தால் சாம்பல் சரியாக அந்த இடைவெளியில் போய் ஒளிந்துகொள்ளும். இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. ஓர் ஆண்டடுக்கு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் 5 செ.மீ. என்பது 100 ஆண்டு. நாம் தேடும் கால வித்தியாசமும், அதாவது ஒரே காலநிலை மாற்றம் இரண்டு ஏரிகளில் தெரிந்த காலங்களின் இடைவெளியும் (மார்ச் 4 குறிப்பு), ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகையால் 5 செ.மீ. சுற்று, எங்கே தேடலாம் என்று மட்டும் காட்டும். துணுக்கு கண்ட துண்டை மறுபடி 1 செ.மீ. துண்டுகளாக, அதாவது 20 ஆண்டுக்கு ஒன்றாக, எடுத்தால்தான் விடை பக்கத்தில் வரும்.

பிப்ரவரி 6, வியாழன்

105 டிகிரியில் உலர்த்தி எடை பார்க்கவேண்டும். இந்த எடையைக் குறிக்க மறந்தால் கடைசியில் ஒரு கிராமுக்கு எத்தனை துணுக்கு என்று சொல்ல வழியே இல்லை. பிறகு மஃபிள் ஃபர்னஸ் என்ற மூடிய சூளையில் 550 டிகிரி, 2 மணி நேரம். கரிமப் பொருள் எரிந்துபோகும்.

களிமண் மிகுந்த வண்டல் இந்தச் சூட்டில் கட்டிதட்டிவிடும். துணுக்குகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். உரலில் இட்டு இடிக்கக் கூடாது, கண்ணாடி நொறுங்கும். அமிலத்தில் ஊறவைத்து மெல்லக் கலக்கினாலே பெரும்பாலும் கரையும்.

10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு. கார்பனேட் கரைந்து நுரை நிற்கவேண்டும். பிறகு வாலை வடிநீரால் நன்றாக அலசவேண்டும். இந்த அலசலில் அவசரப்படுவோர் அடுத்த கட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் 10ஆம் தேதிக் குறிப்பில்.

பிற்பகலில் சல்லடை. மேலே 80 மைக்ரான், கீழே 25 மைக்ரான் நைலான் வலை. நடுவில் தங்குவதை வைத்துக்கொள்கிறோம். தொலைவில் விழுந்த சாம்பல் இன்னும் சிறியதாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் 15 மைக்ரான் வலை. ஒரு மாதிரிக்கு ஒரு வலைத் துண்டு, பிறகு குப்பையில். கழுவித் திரும்பப் பயன்படுத்திச் சேமிக்கும் காசு, இல்லாத சாம்பல் அடுக்கைக் கண்டுபிடித்தால் வரும் நட்டத்துக்குக் காணாது.

பிப்ரவரி 10, திங்கள்

அடர்த்திப் பிரிப்பு. சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனமான உப்பை வாலை வடிநீரில் கரைத்து, வேண்டிய அடர்த்திக்குக் கொண்டுவருகிறோம். ஹைட்ரோமீட்டரால் அளந்தபிறகே ஊற்றவேண்டும்.

முதல் கரைசல் ஒரு கன செ.மீ.க்கு 2.0 கிராம். சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு 2,500 சுற்று, 15 நிமிடம். டயட்டம் என்ற நுண்பாசியின் சிலிக்கா ஓடுகளும் எஞ்சிய கரிமத் தூசியும் மிதக்கும், அதை வடித்துவிடலாம். அடியில் தங்கியதில் இரண்டாவது கரைசல், 2.5 கிராம். இப்போது எதிர்மாறு: நமக்கு வேண்டிய சிலிக்கா மிகுந்த எரிமலைக் கண்ணாடி மிதக்கும், 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்ஸ் அடியில் போகும். இதை இன்னொரு முறை செய்து இரண்டு மிதப்பையும் ஒன்றாகச் சேர்க்கவேண்டும், முதல் முறையில் எல்லாம் மேலே வருவதில்லை. மிதப்பில் நீர் சேர்த்துச் சுழற்றினால் அடர்த்தி குறைந்து கண்ணாடி அடியில் இறங்கும். இப்படி மூன்று முறை அலசல்.

கெட்டுப்போகும் வழிகள் இரண்டு. கால்சியம் மிச்சமிருந்தால் இந்த உப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகும். வியாழக்கிழமை அலசலை வலியுறுத்தியதும் குழாய்நீர் கூடாது என்பதும் இதனால்தான். உலோகக் கரண்டி பட்டால் கரைசல் நீலமாகும். சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நிறம் திரும்பும். விலையுயர்ந்த உப்பு என்பதால் வடிகட்டி, நீரை ஆவியாக்கி மறுபடி பயன்படுத்துகிறோம். வடிதாள் வழியாக நுழைந்த துணுக்கு ஒன்று அடுத்த மாதிரியில் தலைகாட்டலாம். ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் வண்டலே இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றை எல்லாப் படியும் கடத்திக் கொண்டுவரவேண்டும். அதில் துணுக்கு தென்பட்டால் அந்தத் தொகுதி முழுவதும் மறுபடி.

பிப்ரவரி 14, வெள்ளி

கனடா பால்சம் என்ற தெளிந்த மரப்பிசினில் பதித்து நுண்ணோக்கியில் எண்ணிக்கை. எரிமலைக் கண்ணாடி நிறமற்றது, அல்லது இலேசான பழுப்பு. வளைந்த விளிம்பு, உடைந்த குமிழியின் சுவர், நீண்ட குழல் போன்ற துளைகள் அடையாளம். ஒளியை ஒரு திசை அதிர்வாக வடிகட்டும் போலரைசர் இரண்டைக் குறுக்காகப் போட்டால் முழு இருட்டு. மேடையைச் சுழற்றினாலும் இருட்டு. குவார்ட்ஸ் அப்படியல்ல, சுழற்றச் சுழற்ற மினுக்கும்.

குழப்புவது டயட்டம் உடைசல். அதுவும் இருட்டாகவே தெரியும். கூர்ந்து பார்த்தால் வரிசையான புள்ளித் துளைகள் இருக்கும். சந்தேகமானால் பெக்கே கோட்டை, அதாவது துணுக்கின் விளிம்பில் தெரியும் ஒளிக்கோட்டை, பார்க்கவேண்டும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.50, பால்சம் 1.54. மேடையைத் தாழ்த்தினால் ஒளிக்கோடு துணுக்கை விட்டு வெளியே, பால்சத்துக்கு நகரும்.

42 துணுக்கு, உலர் எடை 1.5 கிராம் என்றால் கிராமுக்கு 28. எண்ணிக்கையை ஆழத்துக்கு எதிராக வரைந்தால் பெரும்பாலும் திடீரென ஏறி, மேலே போகப் போக மெல்லத் தேயும் வால் ஒன்று தெரியும். கரையில் விழுந்த சாம்பல் பின்னாளில் அடித்துவரப்படுவதால் வருவது இந்த வால். விழுந்த காலம் வாலில் இல்லை, எண்ணிக்கை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஆனால் புழு குடைந்த வண்டலில் கீழேயும் ஒரு வால் இருக்கும். மீர்ஃபெல்டர் போல அடுக்கு கலையாத ஏரியை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 19, புதன்

வேதி ஆய்வுக்கு ஃபர்னஸில் சுட்ட மாதிரி கூடாது. சூடு கண்ணாடியின் சோடியம், பொட்டாசியம் அளவை மாற்றக்கூடும். அதே ஆழத்திலிருந்து புதிதாக எடுத்து, சுடாமல் மற்ற படிகளைச் செய்து, துணுக்குகளை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எபாக்ஸிப் பிசினில் பதித்து மெருகேற்றவேண்டும். மெருகு குறைந்தால் துணுக்கு வெளிப்படாது; மிஞ்சினால் துணுக்கே தேய்ந்து போய்விடும். 30 மைக்ரான் துணுக்கில் பிழைக்கு இடமே இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

எலெக்ட்ரான் புரோப்: எலெக்ட்ரான் கற்றையைத் துணுக்கின்மேல் பாய்ச்சி அதன் வேதிக் கலவையை அளக்கும் கருவி. 15 கிலோவோல்ட், 6 நானோஆம்பியர், கற்றை அகலம் 10 மைக்ரான். சோடியத்தை முதலில் அளக்கவேண்டும். கற்றை பட்டதும் அது இடம்பெயரத் தொடங்கும். தாமதித்தால் சோடியம் குறைந்தும் சிலிக்கா கூடியும் காட்டும். சிறிய துணுக்குக்காகக் கற்றையைச் சுருக்கினால் இந்தத் தொல்லை மோசமாகும். கலவை தெரிந்த கண்ணாடி ஒன்றைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அளந்து கருவி நகரவில்லை என்று உறுதி செய்யவேண்டும். அளந்த ஆக்சைடுகளின் மொத்தம் 95 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் கற்றை எபாக்ஸியைத் தொட்டிருக்கலாம், அல்லது கண்ணாடி நீர் ஏறியதாக இருக்கலாம். அலுமினியமும் கால்சியமும் சேர்ந்து எகிறினால் உள்ளே ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகம்.

வெட்டேயின் ரயோலைட் (சிலிக்கா மிகுந்த வகை) கண்ணாடியில் சிலிக்கா ஏறத்தாழ 70 முதல் 72 விழுக்காடு. ஐஃபெலிலேயே உள்ள லாகர் சே எரிமலையின் சாம்பல் ஃபோனோலைட் வகை. சிலிக்கா அதைவிட நன்றாகக் குறைவு, அலுமினியம் மிகுதி. இவ்விரண்டையும் குழப்பவே முடியாது. கட்லாவின் மற்றச் சாம்பல்களைத்தான் அஞ்சவேண்டும். வெட்டேக்கு முன்னும் பின்னும் கட்லா கக்கிய சில சாம்பல்களின் முதன்மைக் கலவை வெட்டேயோடு ஒன்றிப்போகிறது. எந்த எரிமலை என்பதை வேதியியல் சொல்லும், எந்தக் காலத்துச் சாம்பல் என்று சொல்லாது. அதற்கு அடுக்கில் அது கிடக்கும் இடம் வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

இத்தனை பாடும் எதற்கு என்பது இங்கே. யங்கர் டிரையஸ் என்ற கடுங்குளிர்க் காலத்தின் நடுவில் வண்டலில் ஒரு மாற்றம் தெரிகிறது: கடற்பனியின் விளிம்பும் மேற்குக் காற்றும் வடக்கே நகர்ந்ததன் தடம். 2013இல் வெளியான ஆய்வில், மீர்ஃபெல்டர் மாரில் இந்த மாற்றம் வெட்டே சாம்பலுக்கு 100 ஆண்டு முன்னால் நிகழ்ந்திருந்தது. அங்கிருந்து 12 பாகை வடக்கே, நார்வேயின் கிராக்கனெஸ் ஏரியில், அதே சாம்பலுக்கு 20 ஆண்டு பின்னால். ஆகமொத்தம் 120 ஆண்டுத் தாமதம். அந்தச் சாம்பல் இல்லாமல் இரண்டு ஏரியின் வளைகோட்டையும் அருகருகே வைத்தால், ஒரே மாற்றம் என்று நினைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிடுவோம். அந்தப் பொருத்தலே நாம் தேடும் விடையை அழித்துவிடும்.

இன்றிலிருந்து எத்தனை ஆண்டு முன்பு என்ற முழு வயதை நினைத்துக் கலங்கவேண்டாம், இடைவெளிதான் முக்கியம். லாகர் சே வெடிப்பின் வயது 2021இல் அந்தச் சாம்பலில் புதைந்த மரங்களைக் கொண்டு 13,006 என்று, 1950இலிருந்து பின்னோக்கி எண்ணி, திருத்தப்பட்டது. வார்வ் எண்ணிக்கை முன்பு தந்தது 12,880. ஐஃபெலில் யங்கர் டிரையஸ் தொடங்கிய வயதும் அதோடு பின்னே போயிற்று. வெடிப்புக்கும் அந்தத் தொடக்கத்துக்கும் நடுவே எண்ணிய 200 ஆண்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் பக்கத்தையும் தொட்ட எடுத்துக்காட்டு டோபா. ஏறத்தாழ 74,000 ஆண்டு முன்பு சுமத்ராவில் வெடித்து, அதன் சாம்பல் இந்தியாவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் படிந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி வண்டலிலும் அதன் துணுக்குகள் 2013இல் அறிவிக்கப்பட்டன. துணுக்கு இருக்கும் அடுக்கிலும் அதற்கு மேலும் கடுங்குளிருக்கான தெளிவான தடயம் அங்கே இல்லை.

மார்ச் 6, வியாழன்

2.5 கரைசலில் அடியில் தங்கிய கசடைத் தூக்கிப் போடக் கூடாது. வெட்டேக்கு பசால்ட் (சிலிக்கா குறைந்த வகை) பாதியும் உண்டு. அது கனமானது, மிதக்காது. காந்தப் பிரிப்பானில் இட்டால் இரும்பு மிகுந்த பழுப்புக் கண்ணாடி, குவார்ட்ஸை விட்டுத் தனியே வரும். குழாய்களில் ஆழமும் எடையும் எழுதி மூடி வைத்தாயிற்று. அடுத்த வாரம் அந்தக் கசடு.