பதிவகத்தின் எண்ணும் அது இருக்கும் இடமும்

கொழும்பில் நான் பணியாற்றும் சிறிய மென்பொருள் குழுவுக்காக, ஓடும் நிரலின் நிலையை இடையிடையே மாதிரிகளாகப் பிடிக்கும் லினக்ஸின் பேர்ஃப் கருவி பதிந்துவைக்கும் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு மாதிரியிலும் எந்த ஃபங்ஷன் எதனை அழைத்தது என்று காட்டும் ஒரு வாசிப்பானை எழுதினேன். எங்கள் நிரல்கள் பிரேம் பொயின்டர் (ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கில் எங்கே தொடங்குகிறது என்று சுட்டுவது) இல்லாமல் கொம்பைல் செய்யப்பட்டவை என்பதால் கொம்பைலர் எழுதிவைக்கும் டுவார்ஃப் என்ற பிழைதிருத்தத் தகவலைப் பயன்படுத்தும் முறையையே நம்ப வேண்டியிருந்தது. அம்முறையில் லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல் ஒவ்வொரு மாதிரியோடும் பயனர் நிலைப் பதிவகங்களின் (சாதாரண நிரல் ஓடும்போது புராசசருக்குள் எண்களை வைத்திருக்கும் சிறு இடங்களின்) பெறுமதிகளையும், வேறு அளவு கேட்காவிட்டால், அழைப்புகளின் விவரங்கள் அடுக்கப்படும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கிலிருந்து 8192 பைட்டுகளையும் பிரதிசெய்து தந்துவிடும். அழைப்புச் சங்கிலியைப் பின்னோக்கிக் கட்டுவது வாசிப்பவரின் வேலை.

என் சங்கிலிகளிற் சில இரண்டாம் படியிலேயே அறுந்தன. வெள்ளவத்தை வீட்டில் ஓர் இரவு முழுவதும் பதிவகங்களை அச்சிட்டுப் பார்த்தபோது, எந்த நிரலை ஓட்டினாலும் ஆர்12 பதிவகத்தில் 8192 என்ற எண்ணே திரும்பத் திரும்ப வந்தது. மறுநாள் அதைக் காட்டியதும், பக்கத்து இருக்கைத் தம்பி, "அண்ணா, 8192 எண்டால் ஸ்டாக்கின்ர அளவெல்லோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது.

எக்ஸ்86 வகைப் புராசசர்களின் 64 பிட் முறையில் பேர்ஃப் ஒவ்வொரு பதிவகத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது: ஏஎக்ஸ் 0, ஐபி 8, ஆர்8 16, ஆர்15 23. எவை பதியப்பட்டுள்ளன என்பதைக் கோப்பின் தொடக்கத்திலுள்ள 64 பிட் மாஸ்க், எண்ணுக்கு ஒரு பிட் வீதம், சொல்லும். அதில் 12 முதல் 15 வரையான டிஎஸ், ஈஎஸ், எஃப்எஸ், ஜிஎஸ் ஆகிய நான்கும் இல்லை. எஞ்சிய 20 பதிவகங்களும் இடைவெளி விடாமல் அடுக்கப்படுகின்றன. எனவே 16 ஆம் எண்ணுக்குரிய ஆர்8 உண்மையில் 12 ஆம் இடத்தில் இருக்கிறது. நானோ எண்ணையே இடமாகக் கொண்டேன். ஆர்8 ஐக் கேட்டால் ஆர்12 இன் பெறுமதி வந்தது. ஆர்12 ஐக் கேட்டால் வரிசையே முடிந்து, அடுத்திருந்த ஸ்டாக் அளவு வந்தது. இப்போது கேட்கப்படும் எண்ணின் பிட் மாஸ்க்கில் உள்ளதா என்று முதலில் பார்த்து, அதற்குக் கீழே எத்தனை பிட்டுகள் ஒன்றாக உள்ளன என்று எண்ணியே இடத்தைக் கணக்கிடுகிறேன்.

கேர்னல் திரெட்களின் மாதிரிகளில் இன்னொரு சிக்கல். அவற்றுக்குப் பயனர் நிலையே கிடையாது; பதிவகங்களுக்கு முன்னால் வந்து அவை எந்த வகை என்று சொல்லும் ஏபிஐ புலம் 0 ஆக இருக்கும், அதன்பின் ஒரு பதிவகமும் வராது. அதைப் பாராமல் 20 பதிவகங்களுக்குரிய 160 பைட்டுகளைத் தாண்டியதால் அந்த மாதிரியின் மீதியைப் பிழையாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

என்னை அதிக நாட்கள் அலைக்கழித்தது டுவார்ஃபின் எண்வரிசை. அது பேர்ஃபின் வரிசையன்று. ஏஎக்ஸ், சிஎக்ஸ், எஸ்ஐ, டிஐ, பிபி, எஸ்பி ஆகியவை இரண்டிலும் ஒரே எண்களைப் பெறுகின்றன. பிஎக்ஸும் டிஎக்ஸும் இடம் மாறியிருக்கின்றன. ஆர்8 டுவார்ஃபில் 8. பெரும்பாலான ஃபங்ஷன்கள் எஸ்பியையோ பிபியையோ ஆதாரமாகக் கொள்வதால் பிழை வெளியே தெரியாமலே கிடந்தது. ஸ்டாக்கை மறுசீரமைக்கும் ஒரு ஃபங்ஷனின் தொடக்கத்தில் மட்டும் டுவார்ஃப் 10 ஆம் பதிவகத்தை, அதாவது ஆர்10 ஐக் கேட்டது. பேர்ஃபின் 10 சிஎஸ் என்பதால், ஸ்டாக் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பதினறும எண்ணான 33 வந்து நின்றது. இரு வரிசைகளுக்கும் இடையே ஓர் அட்டவணையை எழுதிச் சேர்த்தபின், என் வெளியீடு பேர்ஃபின் சொந்தக் கட்டளையான பேர்ஃப் ஸ்கிரிப்ட் தரும் சங்கிலிகளோடு ஒத்துப்போனது.

பின்னர், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய, ஏஆர்எம் வகைப் புராசசர் கொண்ட சிறு கணினிப் பலகையான ராஸ்பெரி பை 4 இல் பதிந்த கோப்பையும் வாசித்துப் பார்த்தேன். அங்கே 0 முதல் 32 வரையான 33 பதிவகங்களும் மாஸ்க்கில் இடைவெளியின்றி நிற்கின்றன. டுவார்ஃபின் வரிசையும் ஏறத்தாழ அதுவே. அந்தப் பலகையிலிருந்து வேலையைத் தொடங்கியிருந்தால் என் பிழைகளில் இரண்டு கண்ணிற் பட்டே இருக்காது.