பொழுது சாய்ந்தால் தேதி மாறும் ஊர்: ஒரு நாவலின் நாட்குறிப்பு

மார்ச் 1, 2025, சனி

வெனிஸ் குடியரசின் கணக்கில் இன்று புத்தாண்டு. அங்கே மார்ச் முதல் தேதிதான் வருடம் மாறும். ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் பழைய வருடத்தின் பேரிலேயே எழுதுவார்கள். நல்ல நாளாக இருக்கட்டும் என்று இன்றே தொடங்குகிறேன். மூன்று வருடமாக மனதில் கிடக்கும் நாவல் இது. 1500-களிலிருந்து 1797 வரை வெனிஸில் மறைந்து வாழ்ந்த வாம்பயர்கள் தங்களுக்குள் எப்படி ஆட்சி நடத்திக்கொண்டார்கள் என்பதுதான் கதை. சண்டை, காதல் எல்லாம் அப்புறம். யார் உத்தரவிடுவது, யார் கீழ்ப்படிவது, கீழ்ப்படியாவிட்டால் என்ன நடக்கும் என்பது சரியாக அமையாமல் ஒரு அத்தியாயமும் எழுதப்போவதில்லை.

ஒரு சொல் பற்றி. காட்டேரி என்றே எழுதலாம்தான். ஆனால் நம் ஊரில் காட்டேரி வெறும் பேய் இல்லை, படையல் வைத்துக் கும்பிடுகிற தெய்வமும்கூட. அந்தப் பெயரை இந்தக் கதைக்கு இழுத்து வர எனக்கு மனம் வரவில்லை. வாம்பயர் என்ற சொல்லுக்கும் பெரிய வயது இல்லை. செர்பிய கிராமங்களில் நடந்த பிண விசாரணைகளின் அறிக்கைகள் 1732 வாக்கில் அச்சாகி ஊர் ஊராகப் போனபோதுதான் மேற்கு ஐரோப்பா முழுக்க அது பரவியது. அதனால் என் ஆட்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். "சபை" என்று மட்டும் சொல்வார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

ஏன் வெனிஸ்? முதல் காரணம் மணி. அந்தக் காலத்து வெனிஸில் நாள் நள்ளிரவில் தொடங்காது, பொழுது சாய்ந்ததும் தொடங்கும். அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் அடுத்த அஸ்தமனத்தில் 24. சான் மார்கோ சதுக்கத்தில் 1499-ல் திறந்த மணிக்கூண்டின் முகத்தில் அந்த 24 எண்களும் இன்றும் இருக்கின்றன. மனிதர்கள் விளக்கேற்றிக் கதவைச் சாத்தும்போது அங்கே தேதி மாறுகிறது, என் ஆட்கள் கண்விழிப்பதும் அப்போதுதான். இதைப் படித்த அன்றே வேறு ஊர்களை எல்லாம் விட்டுவிட்டேன்.

இன்னொன்று ஒரு தடை. ஓடும் நீரை வாம்பயர் தாண்ட முடியாது என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. வெனிஸோ நூற்றுக்கும் மேற்பட்ட சின்னத் தீவுகள், அவற்றுக்கு நடுவே வாய்க்கால்கள். கிராண்ட் கனாலின் குறுக்கே 1854 வரை ரியால்தோவைத் தவிர வேறு பாலமே இல்லை. பாலமானாலும் அடியில் தண்ணீர் ஓடினால் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் ஒருவர் இன்னொருவரைப் பார்க்கவே வழியில்லை, அப்புறம் ஆட்சி எங்கே?

மார்ச் 9, ஞாயிறு

நேற்று முழுக்கத் தண்ணீரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வெனிஸ் வாய்க்காலில் ஓடுவது ஆற்று நீர் இல்லை, கடல் ஏறி இறங்கும் காயல் நீர். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குவதற்குள் கொஞ்ச நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும். நிற்கிற நீரைத் தாண்டலாமே!

இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டதும் பாதி அரசியல் சட்டம் தானாக எழுதிக்கொண்டது. சபை எப்போது கூடும் என்பது எந்தத் தலைவரின் கையிலும் இல்லை, நிலாவின் கையில் இருக்கிறது. வந்து சேர நீர் நிற்கும் ஒரு வேளை, திரும்பிப் போக அடுத்த வேளை, நடுவில் சுமார் ஆறு மணி நேரம். அந்த இரண்டு வேளையும் இருட்டுக்குள் விழாத இரவுகளில் கூட்டமே கிடையாது, கோடையில் இரவு சிறுத்துவிடுவதால் அப்போது கூட்டங்களும் குறையும். முக்கியமாக, வந்தவர் யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. வெளிநடப்பு என்ற ஒன்றே இல்லாத சபை. பிடிக்காதவரோடும் ஆறு மணி நேரம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும், பேசித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

முதல் வரைவை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் 300 வருடமாக ஆளும் ஒரு இளவரசர் இருந்தார், சுற்றிலும் பயந்து நடுங்கும் பிரபுக்கள். கடைசிவரை பேசாமல் கேட்டுவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏன்டா, சாவே இல்லாதவங்க ஊர்ல பதவி எப்படிடா காலியாகும்?"

என்னிடம் பதில் இல்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. மனிதர்களின் எந்த ஆட்சிமுறையை எடுத்தாலும் அதன் அடியில் மரணம் இருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. கொடுங்கோலன் ஒருநாள் சாவான் என்று ஊர் பொறுத்துக்கொள்ளும், கிழவர் போனால் மகனிடம் பேசிப் பார்க்கலாம் என்று பங்காளி காத்திருப்பான், இரண்டு தலைமுறையில் பகை ஆறும். சாவை எடுத்துவிட்டால் 1310-ல் பட்ட அவமானம் 1710-லும் அதே சூட்டோடு இருக்கும், அவமானப்படுத்தியவரும் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். இளவரசரை எடுத்துவிட்டேன். 40 பக்கம் போனது, போகட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

பதில் வெனிஸிடமே இருந்தது, நான்தான் அதை அலங்காரத்துக்கு மட்டும் வைத்திருந்தேன்.

பதின்மர் சபையைப் பாருங்கள். 1310-ல் பயமோந்தே தியேபொலோ என்ற பிரபு ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார். அதைச் சமாளிக்கத் தற்காலிகமாக அமைத்தது, 1335-ல் நிரந்தரமானது. ஊரே அஞ்சிய சபை அது. இரவோடு இரவாக ஆளைக் கால்வாயில் அமிழ்த்திக் கொல்லும் அதிகாரம் இருந்தது. ஆனால் உறுப்பினர் பதவி ஒரே ஒரு வருடம், முடிந்த கையோடு மறுபடி வர முடியாது, ஒரே குடும்பத்தில் இருவர் இருக்கக் கூடாது, தலைமை தாங்கும் மூவர் மாதாமாதம் மாறுவார்கள். இவ்வளவு பயங்கரமான அதிகாரத்தை யாருடைய கையிலும் ஒட்ட விடாமல் வைத்திருந்தார்கள். பதவி வேண்டாம் என்று மறுத்தால் அபராதம்கூட உண்டு.

பதவி முடிந்தவர் அதே பதவிக்கு வராமல் ஒதுங்கி இருக்க வேண்டிய காலத்துக்கு அங்கே கொந்துமாச்சா என்று பெயர். கொள்ளைநோய்க்குப் பயந்து கப்பலையும் ஆட்களையும் சரக்கையும் தள்ளி நிறுத்திவைக்கும் காலத்துக்கும் அதே சொல்! இதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதிகாரத்தைத் தொட்டவரும் நோயைத் தொட்டவரும் ஒரே சொல்லுக்குக் கீழே வருகிறார்கள்.

என் சபையின் முதல் சட்டம் இதுதான்: எத்தனை வருடம் பதவியில் இருந்தாயோ அத்தனை வருடம் கொந்துமாச்சா, அந்தக் காலத்தில் வாக்கும் கிடையாது, சபையில் வாயும் திறக்கக் கூடாது. சாவு செய்யும் வேலையை இந்தச் சட்டம் செய்ய வேண்டும். மனிதர்களுக்கு அது வசதியான ஏற்பாடு, என் ஆட்களுக்கு அது இல்லாவிட்டால் ஆட்சியே இல்லை.

மார்ச் 22, சனி

குலுக்கல். டோஜ் என்ற தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268-ல் கொண்டுவந்த முறையை மூச்சு விடாமல் சொல்கிறேன்: பிரபுக்கள் கூடும் பேரவையிலிருந்து குலுக்கி 30 பேர், அவர்களைக் குலுக்கி 9, அந்த 9 பேர் 40 பேரைத் தேர்ந்தெடுக்க, 40 குலுக்கலில் 12 ஆகி, 12 பேர் 25 பேரைத் தேர்ந்தெடுக்க, 25 குலுக்கலில் 9 ஆகி, 9 பேர் 45 பேரை, 45 குலுக்கலில் 11, 11 பேர் 41 பேரை, கடைசியில் அந்த 41 பேர் டோஜை, அதிலும் 25 வாக்காவது கிடைத்தால்தான். குடியரசு விழும்வரை, 500 வருடத்துக்கும் மேல், இப்படித்தான் நடந்தது. குலுக்கல் குண்டுகளை எடுத்துக் கொடுக்க ஒரு சிறுவன் இருப்பான். குடவோலையைப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு அந்தச் சிறுவன் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

சாகாதவர்களிடம் வெறும் வாக்கெடுப்பு செல்லாது. 200 வருடமாகச் சேர்த்துவைத்த உதவிகள், கடன்கள், ரகசியங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கும், வாக்கு அதற்குத்தான் போகும். குலுக்கல் குண்டு யாருக்கும் கடன்படவில்லை. ஆனால் அதை எடுப்பது யார்? எந்தப் பக்கமும் சேராத கை வேண்டும், என் சபையில் அப்படி ஒரு கை இல்லை. ஆகவே ஒரு மனிதச் சிறுவன். ஊரில் அநாதையாகத் திரிந்தவன், பத்து வயது, சபையின் பாதுகாப்பில் வளர்கிறவன், அவனை யாரும் தொடக் கூடாது. வயது வந்ததும் கைநிறையப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவன். அந்த அறையில் வளர்கிற ஒரே உயிர் அவன்தான். அவன் குரல் உடையும்போதுதான் அவர்களுக்கு வருடங்கள் போனது தெரிகிறது.

நாவலின் மையம் இவன்தான் என்று இன்று தெரிந்தது.

மார்ச் 29, சனி

"இரவின் பிரபுக்கள்", சிஞ்ஞோரி தி நோத்தே. நான் வைத்த பெயர் இல்லை. 13-ம் நூற்றாண்டிலிருந்தே வெனிஸில் இருந்த அதிகாரிகள், நகரின் ஆறு வட்டாரத்துக்கும் ஒருவராக ஆறு பேர், ராத்திரிக் குற்றங்களைப் பார்ப்பவர்கள். மனிதர்கள்தான். என் சபையில் அதே வட்டாரங்களுக்கு அதே கணக்கில் ஆறு பேரை வைத்தேன், ஒருவர் காவலுக்குப் போகும் தெருவில் மற்றவர் நிழலில் போகிறார்.

ஆனால் என் ஆட்கள் உண்மையில் பயப்பட வேண்டியது வாளுக்கு இல்லை, பேரேட்டுக்கு. வெனிஸின் சுகாதார அதிகாரிகள் ஊரில் நடக்கும் சாவுகளைப் பெயர், வயது, காரணத்தோடு பதிவு செய்துவந்தார்கள். பிரபுக் குடும்பங்களின் பிறப்புகளுக்கு 1506 முதல் தனிப் பதிவு, பொன் நூல் என்பார்கள். சுவரில் சிங்கவாய்கள் வேறு, சிங்கத்தின் வாய்போலச் செதுக்கிய புகார்ப் பெட்டிகள், யாரும் யார்மேலும் புகார் எழுதிப் போடலாம். "எதிர்வீட்டு வியாபாரிக்கு வயதே ஆகவில்லை" என்று ஒரு வரி போதும். அதனால் சபையில் ஒரு எழுத்தர் பதவி: ஒவ்வொருவரும் 40 வருடத்துக்கு ஒருமுறை காகிதத்தில் முறையாகச் செத்தாக வேண்டும், நோய், பாதிரியார், சாட்சி எல்லாம் சரியாக அமைய வேண்டும். இந்தப் பதவிக்குப் போட்டியே இருக்காது, வேலை அவ்வளவு.

உணவுக் கணக்கும் போட்டேன். 40 பேர், வாரம் ஒருமுறை, கொல்லாமல்: வருடத்துக்கு 2,080 பேர். 1570-களின் வெனிஸில் சுமார் 1,70,000 பேர், 80 பேருக்கு ஒருவர்கூட ஆகவில்லை. தாங்கும். கொள்ளைநோய் வந்தால்?

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்தது. 1575 முதல் 1577 வரை. சுமார் 50,000 பேர் போனார்கள், ஊரில் கால்வாசிக்கும் மேல்.

காயலில் லாட்சரெத்தோ நுவோவோ என்று ஒரு தீவு, நோய் சந்தேகமுள்ளவர்களையும் சரக்கையும் ஒதுக்கிவைத்த இடம். 2006-ல் மத்தேயோ பொர்ரீனி என்ற மானுடவியலாளர் அங்கே கொள்ளைநோய்ப் புதைகுழிகளைத் தோண்டியபோது ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்தது, வாய்க்குள் ஒரு செங்கல். வயது 60-ஐ ஒட்டி. அவர் சொல்லும் விளக்கம் இது: புதிய பிணங்களைப் போட குழியை மறுபடி திறந்திருக்கிறார்கள். அழுகும் உடல் உப்பும், வாயிலிருந்து வரும் நீர் முகத்தின்மேல் உள்ள துணியை அரிக்கும், பார்ப்பவர்களுக்குப் பிணம் துணியை மென்று தின்றதுபோலத் தோன்றும். அப்படித் தின்பவள்தான் நோயைப் பரப்புகிறாள் என்று பயந்து வாயை அடைத்திருக்கிறார்கள்.

இவளைக் கதையில் வாம்பயராகக் காட்டு என்று சொல்லாதவர் இல்லை. காட்ட மாட்டேன். நோய் கண்டு தீவில் இறந்துபோன ஒரு வயதான பெண் அவள், இறந்த பிறகும் பழி சுமந்தவள். என் கதையில் சபை அன்றிரவே கூடுகிறது, இந்தச் செங்கல் தங்களுக்கு வைக்க வேண்டியது என்று ஒருவர் சொல்கிறார். அந்த ஆறு மணி நேரத்தில் இரண்டு சட்டம் நிறைவேறுகிறது. ஊரில் தலை குறைந்தால் சபையின் பசியும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். நோய்த் தீவுகளில் யாரும் கால் வைக்கக் கூடாது.

இந்த அத்தியாயத்தை மூன்று முறை எழுதினேன். மூன்றாவது பரவாயில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

1355-ல் இதே தேதியில் டோஜ் மரீனோ ஃபலியேரோவின் தலையை வெட்டினார்கள், பதவிக்கு வந்து ஏழெட்டு மாதத்தில். தனியாட்சி கொண்டுவரச் சதி செய்தார் என்று குற்றச்சாட்டு. பேரவை மண்டபத்தில் டோஜ்களின் படவரிசையில் அவர் இடத்தில் மட்டும் கறுப்புத் துணி தீட்டியிருக்கிறது, இது குற்றங்களுக்காகத் தலை வெட்டப்பட்டவரின் இடம் என்று எழுதி. இடத்தை மூடிவிட்டு அடுத்தவரை நகர்த்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. என் சபையிலும் துரோகியின் நாற்காலி அப்படியே கிடக்கும், கறுப்புத் துணி போர்த்தி.

ஏப்ரல் 25, வெள்ளி

வெனிஸின் காவல் புனிதரான மார்க்கின் நாள். குடியரசின் சபைகளில் பெண்கள் இல்லை. என் சபையில் இருக்கிறார்கள், குலுக்கல் குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காகிதச் சாவுகளை எழுதும் எழுத்தரைப் பெண்ணாக்கிவிட்டேன். 1400-களில் வந்தவள். இதுவரை ஒன்பது சிறுவர்களை வழியனுப்பியிருக்கிறாள்.

மே 12, திங்கள்

கடைசி அத்தியாயம். 1797 மே 12. நெப்போலியனின் படை காயல் கரையில் நிற்கிறது. பேரவையில் முடிவெடுக்க 600 பேர் வேண்டும், வந்தவர்கள் 537. வாக்கெடுத்தார்கள். 512 பேர் சரி என்றார்கள், ஆயிரம் வருடக் குடியரசு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஊரை விட்டுப் போகும் தால்மேஷியப் படைவீரர்கள் விடைபெறும் மரியாதையாகச் சுட்ட சத்தத்தைக் கலகம் என்று நினைத்துப் பேரவையினர் அவசர அவசரமாகக் கலைந்தார்கள்.

என் சபையும் அன்றிரவு கூடுகிறது. கலைத்துவிடலாம் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவருகிறார். எழுத்தர் தலையை எண்ணுகிறாள். இரண்டு பேர் குறைவு. வராத இருவரும் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மனிதர்கள் எண்ணிக்கை குறைந்தும் வாக்கெடுத்தார்களே என்கிறார் தீர்மானம் கொண்டுவந்தவர். நாம் எடுக்க முடியாது என்கிறாள் அவள். கலைக்கவும் முடியாது, வேறு எதையும் தீர்மானிக்கவும் முடியாது. பேச ஒன்றும் இல்லை. சிறுவன் குண்டுப் பையை மடியில் வைத்தபடியே தூங்கிவிடுகிறான். அவள் எழுந்து போய்த் தன் மேலங்கியைக் கழற்றி அவனுக்குப் போர்த்துகிறாள். தண்ணீர் நிற்க இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது.