பாதிக் கட்டணச் சலுகையும் மூன்றாம் வருடமும்

தங்கச்சி பொண்ணுக்குச் சட்டம் படிக்க ஆசை, கூடவே பிசினஸ் படிப்பும் வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் கோடு போட்ட நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க." அவள் அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நான் கடலூர் கோர்ட்டில் வக்கீல் என்பதால் எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று வீட்டில் நம்புகிறார்கள். நான் படித்த காலத்தில் இவ்வளவு வழிகள் கிடையாது, அதனால் ரெண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் இடம் கிடைக்குமா என்பது. போன டிசம்பரில் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதினாள். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் பி.காம். எல்எல்பி படிக்க வேண்டும் என்பது கனவு, ரேங்க் எட்டவில்லை. அவள் எழுதிய பழைய மாக் டெஸ்ட் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 120 கேள்வியில் 104-க்கு விடை போட்டிருக்கிறாள், 71 சரி, 33 தப்பு. ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும் என்பதால் 62.75. சந்தேகம் உள்ள கேள்விகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாகக் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள், மொத்தம் 22. எண்ணிப் பார்த்தால் அதில் 2 மட்டும் சரி, 20 தப்பு. அந்த 22-ஐத் தொடாமலே விட்டிருந்தால் 3 மார்க் கூடியிருக்கும். அந்த 3 மார்க்குக்குள் எத்தனை பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. அடுத்த வருடம் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

காலாப்பட்டு அரசு சட்டக் கல்லூரி பஸ்ஸில் போய்வரும் தூரம்தான், ஆனால் அங்கே சேர்க்கை பாண்டிச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாக, எங்களிடம் பாண்டிச்சேரி இருப்பிடச் சான்றிதழ் இல்லை. விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சென்னை பெருங்குடியில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி இருக்கிறது, அங்கே பிசினஸும் சட்டமும் சேர்ந்த பிபிஏ எல்எல்பி உண்டு, நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். இவள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்கலாம். ஆயிரம் ரூபாய் என்ன பெரிசு என்று கேட்காதீர்கள், ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு அது பெரிசு.

சரி, ரெண்டு பட்டம் சேர்ந்து வாங்குவதில் என்ன லாபம்? தனியாக பிபிஏ 3 வருடம், அப்புறம் எல்எல்பி 3 வருடம், ஆக 6. சேர்த்துப் படித்தால் 5. மிச்சம் ஒரே ஒரு வருடம். அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான்: அங்கத்திய சட்டப் பட்டமான ஜேடி 3, எம்பிஏ 2, சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் 4. ஒரு வருடம் சும்மா இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒருங்கிணைந்த சட்டப் படிப்பிலிருந்து நடுவில் பட்டத்தோடு வெளியேற, சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் விதிகளில் இடமில்லை. மூன்றாம் வருடம் முடித்துப் பணமில்லாமல் நின்றால் எல்எல்பியும் இல்லை, பிபிஏவும் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான், இவளுக்கு இடம் தருவதாக ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தேன். பக்கத்து மாநிலம், பெயர் வேண்டாம். வருடம் 3 லட்சம், இவளுக்கு 50 சதவீத ஸ்காலர்ஷிப், மூன்று நாளில் முன்பணம் கட்ட வேண்டும் என்று போனுக்கு மேல் போன். தங்கச்சி நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள். கடிதத்தின் ரெண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: ஒவ்வொரு வருடமும் சிஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண் புள்ளி, 8 இருக்க வேண்டும், ஒரு அரியர்கூடக் கூடாது, ஒருமுறை போனால் சலுகை திரும்ப வராது. நோட்டில் எழுதிக் காட்டினேன். சலுகை கடைசிவரை நின்றால் 7.5 லட்சம், முதல் வருடத்தோடு போனால் 13.5 லட்சம். போன் செய்து, போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குச் சலுகை நிற்கிறது என்று கேட்டேன். "சார், நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கு நிக்கும்" என்றார்கள், எண்ணிக்கையைச் சொல்லவே இல்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் இப்படி நிபந்தனையோடு ஸ்காலர்ஷிப் கொடுத்தால், எத்தனை பேருக்கு அது குறைந்தது அல்லது போனது என்று வெளியிட்டே ஆக வேண்டும், அது அங்கீகாரத்துக்கான விதி. இங்கேயும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

முன்பணம் கட்டவில்லை. பெருங்குடிக்கும் விழுப்புரத்துக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று, பட்டியலுக்காகக் காத்திருக்கிறோம். விழுப்புரம்தான் கிடைத்தது என்றால் பி.ஏ. எல்எல்பி முடித்துவிட்டு எம்பிஏ பிறகு பார்க்கலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பெருங்குடியில் பிபிஏ எல்எல்பி படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஹாஸ்டலுக்கு மாதம் என்ன ஆகிறது என்று மட்டும் சொல்லுங்கள். நோட்டில் அந்த ஒரு கட்டம்தான் இன்னும் காலியாக இருக்கிறது.