கூடு முதலில், கோழி பிறகு

சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கி வரும் பங்குனியோடு இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. இன்று எங்களிடம் ஒரு சேவலும் ஒன்பது பெட்டைகளும் இருக்கின்றன; கடையில் முட்டை வாங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. ஆனால் இந்த நிலைக்கு வருவதற்கு முன்பு, முதலில் வாங்கிய கோழிகளில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் பறிகொடுத்தோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த இழப்பைத் தவிர்க்க முடியும் என்று உறுதியாக நம்புவதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் எங்கள் தவறு தொடங்கியது. ஒரு மார்ச் மாதத்தில், வாரச் சந்தையில் ஆறு விடைக்கோழிகளும் (முட்டையிடும் பருவத்தை நெருங்கும் இளம் பெட்டைகள்) ஒரு சேவலும் கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்தன. அன்றே விலை பேசி வாங்கி வந்துவிட்டோம். கூடு என்று எதுவும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய மரப்பெட்டிகளை அடுக்கி, முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, இப்போதைக்கு இது போதும் என்று இருந்தோம். மகள் வீட்டுக்குப் போயிருந்த என் மாமியார் திரும்பி வந்து பார்த்தவுடன், "கூட்டக் கட்டிட்டுல்ல ஆத்தா கோழிய வாங்கணும்" என்றார். அவர் ஐம்பது ஆண்டுகள் கோழி வளர்த்தவர் என்பதை அப்போது நான் போதிய அளவு மனத்தில் கொள்ளவில்லை.

ஆறாம் நாள் ஒரு கோழி இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நின்றது. மறுநாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அடுத்தடுத்து மற்றவையும் படுத்தன. இரண்டின் கழுத்து முறுக்கிக்கொண்டது. பத்தே நாளில் ஏழில் ஆறு இறந்துவிட்டன. கால்நடை மருந்தகத்திலிருந்த மருத்துவர் அம்மா பார்த்த மாத்திரத்தில் வெள்ளைக்கழிச்சல் என்றார். ஊரில் கோழிக்கழிச்சல் என்றும், மருத்துவத்தில் ராணிக்கெட் என்றும் சொல்லப்படும் நோய் இதுதான். 1920-களில், இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர் நிலைத்தது. இது வைரசால் வருவது. வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது, வராமல் தடுக்கத் தடுப்பூசி மட்டுமே உண்டு. பல வீட்டுக் கோழிகள் ஒரே இடத்தில் கூடும் சந்தையிலிருந்து, தடுப்பூசி போட்டதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வந்தது நாங்கள்தான். இறந்தவற்றைக் கண்மாய்க் கரையில் வீசாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்புத் தூளைப் போட்டுப் புதைத்தோம். அன்றிலிருந்து, வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் மூன்று வாரம் கொல்லையின் மறுகோடியில் தனியாக வைத்து, நலமாக இருந்தால் மட்டுமே மற்றவற்றோடு சேர்க்கிறோம்.

பிழைத்தது ஒரே ஒரு சாம்பல் நிறப் பெட்டை. அதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மரப்பெட்டிகளை எரித்துவிட்டு, இரண்டு மாதம் வேறு கோழி எதையும் வாங்காமல் கூடு கட்டும் வேலையில் இறங்கினோம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நாள் போய் விவரம் கேட்டு வந்ததும், அதை மாமியார் சொன்னவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் மிகவும் உதவின. இருவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போனது. "பகல்ல கோழி தன்னத் தானே பாத்துக்கிரும், ராத்திரிதான் நம்ம பாக்கணும்" என்று மாமியார் சொன்னதை வைத்துத்தான் கூட்டின் ஒவ்வொரு பகுதியையும் முடிவு செய்தேன். பகலில் கோழி கொல்லை முழுவதும் மேய்கிறது; கூட்டுக்குள் அது இருப்பது அந்தி முதல் விடியல் வரைதான். ஆகவே கூடு விசாலமாக இருப்பதை விட, இரவில் எதுவும் நுழைய முடியாததாகவும், காற்று தேங்காததாகவும் இருப்பதே முக்கியம்.

வளர்ந்த கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி என்ற கணக்கில், இருபது கோழிகள் வரை தாங்கும்படி 8 அடி நீளம், 6 அடி அகலம் எடுத்துக்கொண்டோம். நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்தது. அப்படி அமைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும், நீண்ட பக்கங்கள் வழியாகக் காற்று ஊடாடும். தரையைச் சுற்றுமட்டத்தை விட ஒன்றரை அடி உயர்த்தி, சிமெண்ட் பூசினோம். நான்கு பக்கமும் ஓரடி உயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் முழுவதும் கம்பிவலை. கூரைக்கு, இடிக்கப்பட்ட வீடு ஒன்றிலிருந்து மலிவாகக் கிடைத்த ஓடுகளைப் போட்டோம். தகரம் விலை குறைவுதான். ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழ் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் தகரத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் உள்ளே அடிக்காதபடி, இறவாணத்தை இரண்டு பக்கமும் மூன்றடி வெளியே நீட்டினோம்.

கம்பிவலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இழப்பது இங்கேதான். கடையில் கோழிவலை என்று கேட்டால் ஆறுகோணக் கண்களை உடைய மெல்லிய வலையைக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்காது. எங்கள் பகுதியில் கீரியும் மரநாயும் சாரைப்பாம்பும் நிறைய உண்டு. கீரிக்குத் தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் போதும். நாய் பல்லால் இழுத்தால் அந்த வலை பிய்ந்துவிடும். ஆகவே கூடுதலாகச் செலவானாலும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலைதான் போட்டோம். ஓடுகளுக்கு அடியிலும் அதே வலையை இழுத்துக் கட்டினோம். ஓட்டை நகர்த்திவிட்டு மரநாய் இறங்கிய கதை எங்கள் தெருவிலேயே உண்டு. கூட்டைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, வலையின் ஒரு பகுதியை மண்ணுக்குள் புதைத்தோம். கதவுக்கு வெறும் கொண்டி போதாது என்பதால் நாதாங்கியும் பூட்டும் வைத்தோம். கூடு முடிந்து நான்காவது வாரம், வடக்குப் பக்கம் வலையை ஒட்டி ஒரு சாண் ஆழத்துக்கு மண் பறிக்கப்பட்டிருப்பதைக் காலையில் பார்த்தேன். உள்ளே சாம்பல் கோழி தன் கழியில் உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு காலையில், வலைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிய என் கணவரின் மனக்குறை முழுவதும் தீர்ந்துவிட்டது.

உள்ளே, கைக்கு அடங்கும் பருமனுள்ள சவுக்குக் கழிகளை இரண்டரை அடி உயரத்தில், எல்லாம் ஒரே மட்டமாகப் பொருத்தினோம். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் உச்சிக் கழிக்குத் தினமும் சண்டை நடக்கும். மேலே இருப்பவற்றின் எச்சமும் கீழே இருப்பவற்றின் மேல் விழும். முட்டையிடுவதற்கு, வெளிச்சம் குறைந்த மூலையில் வைக்கோல் பரப்பிய மூன்று மூங்கில் கூடைகள். தரையில் நான்கு அங்குலத்துக்குத் தென்னை நார்க்கழிவைப் பரப்பினோம். சிங்கம்புணரி கயிறு திரிக்கும் ஊர் என்பதால் அது எங்களுக்கு எளிதில் கிடைக்கிறது. நெல் உமியும் கடலைத் தோலும் கூடப் பொருந்தும். எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இந்தப் படுக்கையை வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். கட்டியாகிப்போன இடத்தை அள்ளிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். உள்ளே குனிந்தவுடன் கண் எரிந்தால் கிளறுவதில் பின்தங்கிவிட்டோம் என்று பொருள். அள்ளியதை மூன்று மாதம் மக்கவைத்து முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போடுகிறோம். மக்காமல் போட்டால் வேர் கருகிவிடும்.

அதற்குள் சாம்பல் கோழி ஒரு ஈடு முட்டையிட்டு முடித்து அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அதன் முட்டைகளில் கரு இல்லை, ஏனென்றால் சேவல் இறந்துவிட்டது. ஆகவே தெரிந்த வீடு ஒன்றிலிருந்து, இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத, சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையின் முட்டைகள் பதின்மூன்றை வாங்கி அடை வைத்தோம். மணல் பரப்பிய கூடையில், முட்டைகளுக்கு நடுவே மாமியார் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் வைத்தார். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருப்பதற்கு என்பது அவருடைய நம்பிக்கை. நான் அதை எடுக்கவில்லை. ஏழாம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தோம். கரு பிடித்தவற்றில் சிலந்தி வலை போலச் சிவந்த நரம்புகள் தெரிந்தன. தெளிவாக இருந்த இரண்டு கூமுட்டைகளை எடுத்துவிட்டோம். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன.

எண்ணிக்கை போதாது என்று, பொரிப்பகம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு ஒருநாள் குஞ்சுகளையும் வாங்கினோம். தாய்க்கோழி உள்ள குஞ்சுக்கும் தாய் இல்லாத குஞ்சுக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் வாரம் அவற்றுக்கு ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட்டாவது வேண்டும் என்பதால் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டோம். எல்இடி விளக்கு இதற்குப் பயன்படாது, அதில் வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. வெப்பமானியை விடக் குஞ்சுகளே சரியாகச் சொல்கின்றன: பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர், விளிம்புக்கு ஓடினால் சூடு அதிகம், பரவிப் படுத்திருந்தால் சரி. மூன்றாம் இரவு மின்சாரம் போய், நாங்கள் விழித்துக்கொள்வதற்குள் குவியலுக்கு அடியில் இரண்டு நசுங்கி இறந்திருந்தன. அதன் பிறகு, அட்டைத் தடுப்பை மூலைகளே இல்லாத வட்டமாக மாற்றினோம். வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில்களையும் தயாராக வைத்தோம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டதால் ஒன்றுகூட மூழ்கவில்லை.

தடுப்பூசியில் இந்த முறை ஒரு நாள்கூடத் தவறவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு. நான்காவது வாரம் குடிநீரில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து. எட்டாவது வாரம் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி. குடிநீரில் கொடுக்கும் நாளில் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. கிணற்று நீரையே பயன்படுத்தினோம். ஆனால் சிறு அளவில் வளர்க்கிறவர்களுக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. வெளியில் வாங்கும் மருந்துக் குப்பி நூறு கோழிக்கானது. அதைப் பனிக்கட்டியோடுதான் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் இதற்காக எங்கே அலைவது என்று விட்டுவிடுகிறார், நோய் தெருத்தெருவாகப் பரவுகிறது. நான் எங்கள் தெருவில் கோழி உள்ள ஏழு வீடுகளுக்கும் போய்ப் பேசினேன். முதல் தடவை மூன்று வீட்டார் வந்தார்கள். இப்போது ஏழு வீட்டாரும் வருகிறார்கள். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சலுக்காக நடத்தும் இலவச முகாமுக்கும் எல்லோரும் சேர்ந்தே போகிறோம். என் கோழிகள் பிழைத்திருப்பதற்கு என் கூட்டின் அளவுக்கு இந்த ஏழு வீடுகளும் காரணம் என்றே கருதுகிறேன்.

தீவனத்துக்கு அதிகம் செலவில்லை. முதல் ஆறு வாரம் குஞ்சுத் தீவனம் வாங்கினோம். பிறகு கம்பும் குருணையும் தவிடும், கொல்லையில் கிடைக்கும் கீரையும் போதுமானவையாக இருந்தன. செம்மண் பூமியில் கரையானுக்குக் குறைவில்லை. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டுகளைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்துவிட்டால் விடிவதற்குள் பானை நிறைந்திருக்கும். அதை உதறும்போது குஞ்சுகள் ஓடிவருவதைப் பார்ப்பதற்காகவே என் மகன் சீக்கிரம் எழுகிறான். முட்டையிடத் தொடங்கிய பிறகு கிளிஞ்சல் தூளும் வைக்கிறோம்; அது இல்லாதபோது ஓடு மெலிந்துபோனது.

ஒரு சிக்கல் மட்டும் பிறகு வந்தது. ஒரு மாலை, பழகிய கோழிகள் கூட்டுக்குள் போகாமல் வாசலிலேயே தயங்கி நின்றன. விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தால் கழி முனைகள் பொருந்தும் இடுக்குகளில் உண்ணி இருந்தது. அது பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் இரத்தம் குடிப்பது. பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. கழிகளைக் கழற்றி வெயிலில் போட்டு, இடுக்குகளை அடைத்து, உள்சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடித்து, கழி முனைகளில் வேப்பெண்ணெய் தடவினோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதையே செய்த பிறகுதான் தீர்ந்தது.

விடைகள் ஆறு மாதம் கடந்தபோது முதல் முட்டை கிடைத்தது. மிகுந்த சேவல்களைத் தீபாவளிக்கு முன்பே விற்றுவிட்டோம். பத்துப் பெட்டைகள் வரை ஒரு சேவல் போதும். நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டைதான் இடும். நாள்தோறும் முட்டை வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாம்பல் கோழி இப்போது மறுபடியும் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. இந்த முறை பதினொரு முட்டைகள், எல்லாம் எங்கள் கொல்லையில் இட்டவை. இன்று ஏழாம் நாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.