கையெழுத்தும் கரண்டும்

குமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது பேச நேரமிருக்காது. சீசன் முடிந்து கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுகிற மாதங்களில்தான் எங்கள் வாதமெல்லாம். இந்த முறை அணுக்கரு இணைவு, அதாவது சின்ன அணுக்கருக்களை ஒன்றாகச் சேர்த்து ஆற்றல் எடுக்கிற வித்தை. அதிலிருந்து கரண்டு நிச்சயம் வந்துவிடும் என்று புதிதாகச் சேர்ந்த பையன் அடித்துச் சொல்கிறான்: "மைக்ரோசாஃப்டே கையெழுத்து போட்டாச்சு அண்ணே. விசாரிக்காமலா போடுவான்?"

விசாரித்திருப்பான்தான். ஆனால் எதில் போட்டான்? 2023-ல் இணைவு மின்சாரம் தயாரிக்க முயலும் ஹீலியன் நிறுவனத்தோடு அவர்கள் செய்தது, 2028 வாக்கில் மின்சாரம் தயாரானால் வாங்கிக்கொள்கிற ஒப்பந்தம். சொன்னபடி தராவிட்டால் அபராதம் ஹீலியனுக்கு. மைக்ரோசாஃப்டுக்குப் பெரிய நட்டமில்லை. பெயர் வேறு கிடைக்கிறது.

கையெழுத்து என்ன, பெரிய கம்பெனி பணமே போட்டாலும் தேறும் என்றில்லை. கூகுள் எங்கள் தொழிலிலேயே கைவைத்துப் பார்த்தது. 2013-ல் மகானி என்ற கம்பெனியை வாங்கியது. கோபுரமே வேண்டாம், எட்டு சுழலிகள் பூட்டிய இறக்கையைக் கம்பியில் கட்டி வானத்தில் வட்டமடிக்க விடுவது, அந்தக் கம்பி வழியாகவே மின்சாரத்தை இறக்குவது. 600 கிலோவாட். எண்ணெய்க் கம்பெனி ஷெல்லும் சேர்ந்தது. 2019-ல் நார்வே கரைக்கு அப்பால் கடலில் பறக்கவும் விட்டார்கள். 2020-ல் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் விலகியது, கதை முடிந்தது. கோபுரம் ஏறி வேலை பார்த்த யாருக்கும் முதலில் வருகிற சந்தேகம் ஒன்று உண்டு. காற்று நின்றால் எங்கள் மெஷின் சும்மா நிற்கும். மகானியின் இறக்கையோ இறங்கி வந்து தன் இடத்தில் பத்திரமாக உட்கார வேண்டும், நடுராத்திரியிலும், மழையிலும், வருடக்கணக்காக.

எங்கள் பக்கத்து முப்பந்தல் காற்றாலைகளின் கதை நேர்மாறு. 1990-களில் இங்கே காற்றாலை நட்ட முதலாளிகள் பலருக்குக் காற்றைவிட வருமான வரிமேல்தான் கண். போட்ட முதல் முழுவதையும் முதல் வருடமே வரிக்கணக்கில் தேய்மானமாகக் கழிக்கலாம் என்று அரசு சலுகை கொடுத்திருந்தது. காற்று சரியாக வராத இடத்திலும் நட்டவர்கள் உண்டு. ஆனாலும் தொழில்நுட்பம் தேறியது. காரணம் அந்தப் பணம் இல்லை. டென்மார்க்காரர்கள் சின்ன மெஷினில் தொடங்கி, உடைந்ததைத் திருத்தித் திருத்திக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிய வடிவமைப்பு.

"அப்போ எதைப் பார்த்து நம்பணும்?" என்றான். சரி, நியாயமான கேள்வி. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் செலுத்தி, இணைவில் 3.15 மெகாஜூல் ஆற்றல் எடுத்தார்கள். எனக்கு எந்தக் கையெழுத்தையும்விட அதுதான் பெரிய செய்தி. அந்த லேசரை ஓட்ட மட்டும் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே அவனிடம் சொன்னேன்.