ப்ராப்பர் அட்ஜெக்டிவ்: கோட்டைப் பூங்காவில் படித்தது

எஸ்எஸ்சி தேர்வுக்கான மாதிரித் தாளில் 'ஆன் யூரோப்பியன் கன்ட்ரி' சரிதான் என்று விட்டுவிட்டேன். மதிப்பெண்ணும் போய் நெகட்டிவ் மார்க்கும் விழுந்தது. எழுத்து 'இ'யில் தொடங்கினாலும் ஓசை 'யூ' என்பதால் 'எ யூரோப்பியன்' என்றுதான் வர வேண்டும். 'ஆன் இந்தியன்' என்றால் சரி. அன்றைக்குத்தான் ப்ராப்பர் அட்ஜெக்டிவை, அதாவது நாடு, ஊர் போன்ற சிறப்புப் பெயரிலிருந்து பிறக்கும் பெயரடையை, முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தேன்.

இது நமக்குப் புதிதே இல்லை. இந்தியா என்பது பெயர். 'இந்திய ராணுவம்' என்னும்போது கடைசி நெடில் குறுகுகிறதே, அதே வேலைதான் ஆங்கிலத்தில் 'இந்தியன் ஆர்மி'. ஒரு வித்தியாசம், தமிழில் கேபிடல் லெட்டர் கிடையாது. அதனால் பெயரை பெரிய எழுத்தில் எழுதப் பழகிய கைகூட, அது அட்ஜெக்டிவ் ஆனதும் தவறாகச் சின்ன எழுத்துக்கு இறங்கிவிடும். எனக்கு அந்தப் பழக்கம் போக ஒரு மாதம் ஆனது.

பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். தெரிந்த விஷயத்தை எழுதிப் பாருங்கள். வேலூர்க் கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து, 1806 ஜூலை 10 அன்று அதே கோட்டைக்குள் நடந்த சிப்பாய்ப் புரட்சியை ஆறு வரி ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தியன் சிப்பாய்ஸ், பிரிட்டிஷ் ஆபீசர்ஸ் இரண்டும் ப்ராப்பர் அட்ஜெக்டிவ். 'வேலூர் மியூட்டினி'யில் வேலூர் உருமாறவில்லை. பெயர்ச்சொல்லே முன்னால் நின்று விளக்குகிறது. ஆனாலும் கேபிடல் உண்டு. இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன், நீங்களும் நில்லுங்கள்.

உரு வெகுவாக மாறுபவையும் உண்டு: நெதர்லாந்து டச்சு ஆகும், டென்மார்க் டேனிஷ் ஆகும், சுவிட்சர்லாந்து சுவிஸ் ஆகும். பழவேற்காட்டு டச்சுக்காரர்களையும் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையையும் நினைத்துக்கொண்டால் முதல் இரண்டும் மறக்காது.

அப்புறம் அட்ஜெக்டிவ்களின் வரிசை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மாமா, ஒருநாள் பேச்சுவாக்கில் 'பிளாக் இத்தாலியன் லெதர் ஷூ' என்றார். நிறம், நாடு, எதனால் செய்தது, ஆங்கிலம் கேட்கும் வரிசை அப்படியே! இப்போதும் பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் அட்ஜெக்டிவ்கள் வரிசையாக நின்றால், அந்த ஷூவைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.